துப்பாக்கியின் தும்மலுக்கு ஒரு நூறு

வாஷிங் மெஷின் ரிப்பேர் என் தொழில். ஒவ்வொரு வீட்டிலும் அந்த மெஷினைப் பற்றி ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். பாலக்கரையில் ஒரு வீட்டில், "ராத்திரி தூங்காத புள்ள மாதிரி சிணுங்குதுங்க" என்றார்கள். மன்னார்புரத்தில், "துள்ளுதுங்க, கயிறு போட்டுக் கட்டணும்போல" என்றார் ஒருவர். ஸ்ரீரங்கத்தில் ஒரு மாமி, "ரிப்பேர்லாம் இல்லை. அதுக்குக் கோபம் வந்துடறது. சித்த நேரம் தனியா விட்டா சமாதானம் ஆயிடறது" என்றார். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது கொஞ்சம்தான். மீதியெல்லாம் இப்படிக் காதில் விழுந்து சேர்ந்தது.

வேலை முடிந்தால் தனி ஆள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்குப் பின்னால் கதை ஒன்றும் இல்லை. ஸ்ரீரங்கத்தில் இரண்டாம் மாடியில் ஒரு வீடு. அதன் பின்னறையில்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் துப்பாக்கி சுடுவேன்.

பயந்துவிடாதீர்கள். ஏர்சாஃப்ட் என்று சொல்லும் விளையாட்டுத் துப்பாக்கி. மூக்கு நுனி ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். குண்டு, மிளகைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் உருண்டை. கைப்பிடிக்குள் போகும் மேகசினில் குண்டோடு கேஸையும் நிரப்ப வேண்டும். விசையை அழுத்தினால் அந்தக் கேஸில் ஒரு பங்கு குண்டை முன்னே தள்ளும், இன்னொரு பங்கு துப்பாக்கியின் மேல்மூடியைப் பின்னால் உதைக்கும். மூடி போய்த் திரும்பும்போது கையில் ஒரு வெட்டு வெட்டும். அந்த உதைக்காகத்தான் இதை விரும்புகிறவர்கள் வாங்குகிறார்கள். தெரிந்த கடைக்காரர் ஒருவர் புதிதாக வந்ததை ஒரு வாரத்துக்குக் கொடுப்பார். பழைய போர்வைகள் திணித்த அட்டைப்பெட்டியில் சுட்டுப் பார்த்து, நல்லது கெட்டதை வீடியோவாகப் பேசிப் போடுவேன்.

இதை ஆரம்பித்தது நான் மட்டுமில்லை. பாலக்கரைக்காரன் ஒருவன், ஏசி மெக்கானிக், இருபது வருட நண்பன். நான் சுடுவேன், அவன் கேமராவுக்குப் பின்னால் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பான். முதன்முதலாக ஒரு துப்பாக்கியைச் சுட்டபோது மூடி பின்னால் போய் 'தச்' என்று வந்தது. அவன் சட்டென்று, "நூறு!" என்றான்.

எங்கள் பக்கம் குழந்தை தும்மினால் 'நூறு' என்பார்கள், நூறு வயசு இருக்கட்டும் என்று. அடுத்த தும்மலுக்கு 'இருநூறு'. இவன் துப்பாக்கிக்குச் சொல்கிறான்.

"உங்க வீட்ல தும்மினா அல்ஹம்துலில்லாஹ்னுதானடா சொல்லுவீங்க?" என்றேன்.

"அது தும்முனவன் சொல்றது, மாப்ள. இதுக்கு வாயில்ல. எந்த ஜமாத்துன்னும் தெரியல. பொதுவா ஒரு நூறு போட்டு வெப்போம்."

அதற்குப் பிறகு அதுவே எங்கள் கணக்கு முறையாகிவிட்டது. இருபத்திரண்டு குண்டு கொண்ட மேகசின் என்றால், கடைசிக் குண்டுக்கு "ரெண்டாயிரத்து இருநூறு!" என்று கத்துவான். வேகவேகமாகச் சுட்டால் கேஸ் வெளியேறி மேகசின் ஜில்லிட்டுப் போகும். உதை தளர்ந்து, மூடி பாதி வழியில் சோர்ந்து நிற்கும். "சளி புடிச்சிருச்சு. நிறுத்து, கையில வெச்சுத் தேய்ச்சு விடு" என்பான். ஏசி மெக்கானிக்குக் கேஸின் குணத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

போன வருடம் அவன் வளைகுடாவுக்குப் போய்விட்டான். ஏர்போர்ட்டில், "ஸ்டூலை யாருக்கும் குடுத்துடாத" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நான் ஒற்றையாக வீடியோ போட்டேன். 'தச்' என்று சத்தம் வரும், பிறகு ஒன்றும் இருக்காது. நானே 'நூறு' சொல்லிப் பார்த்தேன். தனக்குத் தானே சூடம் காட்டிக்கொள்வது போல இருந்தது. பார்க்கிறவர்களும் விடவில்லை. "நூறு அண்ணன் எங்கே?" "நூறு அண்ணன் இல்லாமல் உப்பில்லாத சாம்பார்." குண்டு எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டவர்களைவிட அவனைக் கேட்டவர்களே அதிகம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு தப்புச் செய்தேன். பழைய வீடியோ ஒன்றிலிருந்து அவனுடைய 'நூறு'வை வெட்டியெடுத்து, புது வீடியோவில் முதல் குண்டுக்குப் பின்னால் ஒட்டினேன். சரியாகப் பொருந்தியது. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அறையில் ஆள் இருப்பது போலவே இருந்தது. அப்படியே ஏற்றிவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குக் கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் அவனுடைய மனைவி. கையில் டிபன் கேரியர். முகத்தில் கோபமா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"வாம்மா" என்றேன்.

"அவங்கள வெளிய வரச் சொல்லுங்கண்ணே."

"யாரை?"

"நடிக்காதீங்க. ஆட்டோ கீழ நிக்குது. வந்தா கூட்டிட்டுப் போறேன், வரலன்னா இந்தச் சோத்தையாவது குடுத்துட்டுப் போறேன்."

எனக்கு அப்போதும் புரியவில்லை. அவள் போனை எடுத்து என் வீடியோவைக் காட்டினாள். கேஸ் துப்பாக்கிக்கு வெயில் முக்கியம். அதனால் அன்றைய தேதியும் சூடும் தெரியட்டும் என்று, தினக்காலண்டரையும் தெர்மாமீட்டரையும் பின்னால் மாட்டிவைப்பது என் வழக்கம். காலண்டரில் போன வாரத்துத் தேதி பளிச்சென்று தெரிந்தது. பக்கத்தில் அவள் கணவனின் குரல், "நூறு!"

"ஊருக்கு வந்து, வீட்டுக்கு வராம இங்க உக்காந்து வெளையாடிட்டு இருக்காங்க. அங்க வேலை போச்சா? எதாவது சண்டையா? என்கிட்ட சொல்ல முடியாத அளவுக்கு என்னண்ணே நடந்துச்சு?" கொஞ்சம் நிறுத்தி, "நூறு சொன்னதுக்கப்புறம் ஒரு இருமல் வேற. நெஞ்சுச் சளி. அதையும் சொல்லல" என்றாள்.

அந்த இருமலை நான் கவனிக்கவே இல்லை. வெட்டும்போது குரலோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது, அவன் போவதற்கு முந்தைய மழைக்காலத்து இருமல்.

"நீ அவனுக்கே ஒரு போன் போட்டிருக்கலாமேம்மா?"

"போன்ல கேட்டா, அங்கதான் இருக்கேன்னு சொல்லுவாங்க. நானே அவங்கள பொய் சொல்ல வெச்ச மாதிரி ஆயிரும்ல? அதான் நேர்ல வந்தேன்."

பின்னறையைத் திறந்து காட்டினேன். அட்டைப்பெட்டி, காலண்டர், விளக்கு, காலி ஸ்டூல். எல்லாவற்றையும் சொன்னேன். பழைய குரல், வெட்டினேன், ஒட்டினேன். சொல்லச் சொல்ல நான் செய்தது எனக்கே கேவலமாகத் தெரிந்தது. அவள் கதவுக்குப் பின்னால்கூட ஒருமுறை பார்த்தாள். பிறகு நான் சொன்னதை நம்பிவிட்டாள். நம்பாமல் சண்டை போட்டிருந்தால் எனக்குத் தேவலாம் போல இருந்தது. வரும்போது அவளிடம் கோபம் இருந்தது, கோபத்துக்குள் அவன் ஊரில் இருக்கிறான் என்கிற சந்தோஷமும் இருந்திருக்கிறது. இரண்டையும் நான் ஒரே நேரத்தில் பிடுங்கிக்கொண்டேன்.

"அந்த இடத்த ஒரு தடவ போடுங்க" என்றாள். போட்டேன். 'தச்.' "நூறு!" ஒரு இருமல்.

"அழிச்சிருங்கண்ணே" என்றாள். "இல்லாதவங்கள இருக்காங்கன்னு காட்டாதீங்க. உங்களுக்கு அது வெளையாட்டு. நான் எந்திரிச்சு நெய்ச்சோறு ஆக்கிட்டேன்."

கேரியரை மேஜைமேல் வைத்துவிட்டு இறங்கினாள். "கேரியரைப் பொறுமையா அனுப்புங்க" என்றது மட்டும் படிக்கட்டிலிருந்து கேட்டது. நெய்ச்சோறு, தால்ச்சா. அவனுக்குப் பிடிக்கும் என்று தால்ச்சாவில் கத்தரிக்காய் தூக்கலாக இருந்தது. வீணாக்கக் கூடாது என்று ஸ்டூலுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன். வீடியோவை அதற்கு முன்பே அழித்திருந்தேன்.

சாயங்காலம் அவனே கூப்பிட்டான். மனைவி எல்லாம் சொல்லியிருக்கிறாள்.

"ஏன்டா, ஆள் இல்லாமலே ஆளை வெச்சு வேலை வாங்குறியா?"

"தப்புதான்டா."

"தப்புதான். அவ காலையிலேந்து என்கிட்ட சரியாப் பேசல. நான் வராததுக்கு நான் என்னடா பண்ணுவேன்?" என்றான். அந்தப் பக்கம் ஏதோ ஏசி ஓடும் சத்தம் கேட்டது. கம்ப்ரஸர் சரியில்லை என்று எனக்கே தெரிந்தது. பிறகு அவன், "நெய்ச்சோறு எப்படி இருந்துச்சு?" என்றான்.

"நல்லா இருந்துச்சு."

"ம்." அந்த 'ம்' முடிய வெகு நேரம் ஆனது. "எனக்கு வெள்ளிக்கிழமை லீவு. நீயும் வெள்ளிக்கிழமை சுடு. போன்ல இருக்கேன். நானே சொல்றேன்."

வெள்ளிக்கிழமை வேலைக்கு லீவு சொன்னேன். ஸ்டூல்மேல் போனைச் சாய்த்து வைத்தேன், திரை கேமராவில் தெரியும்படி. போனில்தான் இருக்கிறான் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். முதல் குண்டு. சத்தம் இல்லை. இரண்டாவது. மூன்றாவதை அழுத்தும்போது "நூறு!" வந்து சேர்ந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து குரல் வர அந்த நேரம் பிடிக்கிறது. அவன் நூறு என்னும்போது இங்கே முந்நூறு ஆகிவிடுகிறது. இரண்டு பேரும் கணக்கைத் தொலைத்தோம்.

"மெதுவாப் போடா. நான் சொன்னப்புறம் அடுத்தது சுடு" என்றான்.

மேகசினை மறுபடி நிரப்பி, முதலிலிருந்து அப்படியே செய்தேன். ஒரு குண்டு, காத்திருப்பு, "நூறு." ஒரு குண்டு, காத்திருப்பு, "இருநூறு." ஒவ்வொரு முறையும், லைன் போய்விட்டதோ என்று நினைக்கிற கணத்தில் அவன் குரல் வந்தது. இருபத்திரண்டாவது குண்டுக்கு மூடி பின்னால் போய் அங்கேயே நின்றது. மேகசின் காலியானால் அப்படித்தான் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். துப்பாக்கியை இறக்காமல் பிடித்திருந்தேன். "ரெண்டாயிரத்து இருநூறு" வந்தது. முன்போல அவன் கத்தவில்லை. அறையில் யாரோ தூங்குகிறார்கள் போல.

வீடியோவைப் பார்த்த ஒருவர் எழுதியிருந்தார்: "கடைசிக் குண்டு வரைக்கும் உதை குறையவே இல்லை. சளியே பிடிக்காத துப்பாக்கி. இதையே வாங்கலாமா?"

உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பதில் எழுதினேன்: "இது துப்பாக்கியோட பெருமை இல்லைங்க. ஒவ்வொரு குண்டுக்கும் நடுவுல நான் காத்திருந்தேன். அந்த நேரத்துல மேகசின் தன் சூட்டுக்குத் திரும்பிடுது. நீங்க வேகமாச் சுட்டா இதுக்கும் சளி பிடிக்கும்."