செல்லத்துரை சொன்ன சாட்சி

என் சின்ன அத்தை எல்லையம்மாளுக்கு மூத்த மகன் செல்லத்துரை. கீழ்வேளூர்ப் பக்கம் கல்யாணம் ஐயருடைய நிலத்தைத் தகப்பன் காலத்திலிருந்து குத்தகைக்கு உழுதவன். குத்தகைக்காரர் பெயரைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்ததும் மனுக் கொடுத்தான். "அது என் சொந்தப் பண்ணை, அவன் கூலியாள்" என்று ஐயர் மறுத்துவிட்டார். விசாரணையில் செல்லத்துரை தன் வாயால் சொன்னால்தான் நிலம் அவன் கையில் நிற்கும்.

அதற்குள் சாராயம் அவன் ஈரலைத் தின்றிருந்தது. கண் மஞ்சளாகி வயிறு ஊதியது. பிறகு புத்தியும் தடுமாறியது. பெண்டாட்டி மலர்கொடியையே ஒரு நாள், "யாரும்மா நீங்க?" என்று கேட்டான். முனி அடித்தது என்று வேப்பிலை அடித்துப் பார்த்தார்கள். அப்புறம்தான் நாகப்பட்டினத்தில் டாக்டர் மீரா சாகிப்பிடம் கொண்டுபோனார்கள்.

"ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவுல ஒரு வரப்பு இருக்கும்மா. கண்டதை உள்ள விடாது. ஈரல் கெட்டா, குடல்ல ஊறுற விஷம் ரத்தத்துலயே தங்கி, வரப்பைத் தாண்டிக் கசியுது."

"வரப்பு உடைஞ்சு போச்சுங்களா?" என்றாள் மலர்கொடி.

"உடையல. நண்டு வளை போட்டா எப்படி? பார்க்க முழுசா இருக்கும், தண்ணி நிக்காதுல்ல."

குடல் சுத்தமாக இருக்கப் பேதி மருந்து கொடுத்து, "ஒரு நாள்கூட நிறுத்தாதே" என்றார். புத்தி தெளிந்தது. நிலத்தின் நாலெல்லையையும் கடகடவென்று சொன்னான்.

விசாரணை நெருங்க மலர்கொடிக்கு வேறு கவலை. நாலு பெரிய மனுஷர் நடுவே பேதியாகி வேட்டியை நனைத்துவிட்டால்? மருந்தை நிறுத்தினாள். வயிற்றைக் கட்ட மாதுளைத்தோல் கஷாயமும் கொடுத்தாள்.

விசாரணை நாளில் அதிகாரி கேட்டார்: "நிலத்தை யார்யா உழுவுறது?"

செல்லத்துரையின் கைகள் பறவை சிறகடிப்பது போல் வெட்டி வெட்டி இழுத்தன. சொல்ல வேண்டியது உள்ளே எங்கோ கிடந்து முட்டுவதுபோல் மலர்கொடியையே பார்த்தான்.

"ஐயா நிலம்... ஐயாதான்..."

"குடிச்சுட்டா வந்திருக்கே?"

"இல்லீங்க, நோவுங்க! மருந்து..." என்று மலர்கொடி கத்தினாள்.

"நீ சும்மா இரும்மா. அவரே சொல்லிட்டாரு."

வீட்டுக்கு வந்து மறுபடி மருந்து கொடுத்தாள். நாலாம் நாள் எழுந்து உட்கார்ந்து நீராகாரம் கேட்டான்.

"விசாரணை என்னிக்கு மலரு?"

"முடிஞ்சிடுச்சுங்க."

"நான் இல்லாமயா?"

"நீங்கதான் சொன்னீங்க, நிலம் ஐயாவுதுன்னு."

"நானா?" சுவரைப் பிடித்து எழுந்து நின்றான். "சட்டையை எடு. இப்பவே போய் மாத்திச் சொல்லிடறேன்."

அவள் வாசற்படியை மறித்துக்கொண்டு நின்றாள். "போவாதீங்க. நம்ம வயல்ல அவுங்க ஏர் இறங்கியாச்சு."