மணிக்கு அறுபது மில்லி

அக்காவின் சாப்பாடு மணிக்கு அறுபது மில்லி என்று முடிவானது.

புரட்டாசி வெயில் சன்னல் கம்பிகளைக் கொண்டுவந்து கட்டில் மேல் நிழலாகக் கிடத்தியிருந்த ஒரு முற்பகல். குடல் ஒன்றோடொன்று ஒட்டி அடைத்துக்கொண்டதால், வயிற்றைத் திறந்து, ஒட்டலைப் பிரித்து, மூடித் தைத்திருந்தார்கள். தொட்ட குடல் இன்னும் அசைய ஆரம்பிக்கவில்லை. அதுவரை வாய்வழியாக ஒரு மிடறு தண்ணீர்கூடக் கூடாது. ஆகவே நரம்பு வழியாகச் சாப்பாடு. புதுக்கோட்டையில், ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மாடி அறையில், என் அக்காவுக்குப் பையில் வந்தது அது.

மூன்று அறைகள் உள்ள பை. ஒன்றில் சர்க்கரைத் தண்ணீர், ஒன்றில் புரதம், ஒன்றில் கொழுப்பு. சிஸ்டர் அதை மேசைமேல் வைத்து, மேலிருந்து பாயைச் சுருட்டுவதுபோல அழுத்திச் சுருட்டினார். உள்ளே தடுப்புகள் விட்டுக்கொடுத்தன. மூன்றும் கலந்து வெள்ளையாயிற்று. தண்ணீர் கொஞ்சம் தாராளமாக ஊற்றிய பால்போல. சோறும் பருப்பும் நெய்யும் தங்கள் நிறத்தையும் மணத்தையும் வெளியிலேயே விட்டுவிட்டு வந்தால் இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்தேன்.

கணக்கை டாக்டர் எங்கள் எதிரிலேயே போட்டார். ஒரு கிலோ எடைக்கு இவ்வளவு சத்து வேண்டும். எடை எவ்வளவு? அக்கா அம்பத்தஞ்சு என்றாள். வந்த அன்று ஸ்ட்ரெச்சரில் வந்தவள். நிறுத்துப் பார்க்க வழியில்லை, இன்றும் எழுந்து நிற்க முடியாது. கடைசியாக எப்போது நன்றாகச் சாப்பிட்டீர்கள்? வயிற்று வலி வந்ததற்கு முந்தின நாள்வரை நல்லாத்தான் சாப்பிட்டேன் என்றாள். டாக்டர் தலையாட்டினார். பெருக்கினார், வகுத்தார். பையை ஒரு நாள் முழுக்கப் பரப்பி ஓடவிட்டால் மணிக்கு அறுபது மில்லி.

அளந்து செலுத்தும் மெஷின் கீழே தீவிர சிகிச்சைப் பிரிவில் வேறு யாருக்கோ ஓடிக்கொண்டிருந்தது. அது கிடைக்கும்வரை ட்யூபில் இருக்கும் சின்னச் சக்கரம்தான். சிஸ்டர் பொன்னமராவதிப் பக்கம். கையும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும். எனக்கும் அந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தார். இந்த ட்யூபில் ஒரு மில்லிக்கு இருபது சொட்டு. அறுபது மில்லிக்கு ஆயிரத்து இருநூறு சொட்டு. மணிக்கு அறுபது நிமிஷம். அப்படியானால் நிமிஷத்துக்கு இருபது. மூன்று நொடிக்கு ஒன்று. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சக்கரத்தை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினார். சொட்டு விழுந்தது, நாங்கள் இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு அடுத்ததற்குக் காத்திருந்தோம்.

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. சன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

“ஏண்டி, செத்த நேரம் குந்த மாட்டியா? நீ நடக்குற நடையில சொட்டு பயந்துபோயி அங்கிட்டே நிக்குது,” என்றாள் அக்கா.

அவளுக்கு மாற்றுத் துணி வேண்டியிருந்தது. அதை எடுத்துவரும் சாக்கில், அவள் தனியாக இருக்கும் அறந்தாங்கி வீட்டுக்குப் பஸ் ஏறினேன். புறப்படும்போது வழக்கமான எச்சரிக்கை: ஒங்க அத்தான் போன் பண்ணுனா சின்ன ஆபரேஷன்னு மட்டும் சொல்லு.

அத்தான் வளைகுடாவில் இருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு லீவு. அந்த லீவு கார்த்திகையில் மகளின் வளைகாப்புக்கு என்று எழுதிக் கொடுத்தாகிவிட்டது. இப்போது பதறி ஓடிவந்தால் அப்போது இருக்க மாட்டார். மகளின் கல்யாணத்துக்கே தாலி கட்டி முடித்த மறுநாள் விமானம் ஏறியவர். வளைகாப்புக்காவது பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது அக்காவின் ஒரே பிடி. அதற்காக அவள் எதையும் மறைப்பாள் என்பது எனக்குத் தெரியும். எவ்வளவு மறைத்திருக்கிறாள் என்பதுதான் தெரியாது.

அறந்தாங்கி வீட்டைத் திறந்தேன். துணி எடுத்தேன். அலமாரியில் இருந்த ஜாக்கெட்டுகளில் பக்கத் தையல் பிடித்திருந்தது. ஒன்றில் இரண்டு முறை பிடித்திருந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனேன். பளிங்குபோல இருந்தது அடுப்படி. அடுப்பைச் சுற்றி ஒரு மஞ்சள் பொட்டு இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. தாளித்த வாடை என்பது சுவரில் கொஞ்சமாவது ஒட்டிக்கொண்டிருக்குமே, அது இல்லை. பிரிட்ஜில் மாவு இல்லை. புளிக்க வைத்த எதுவும் இல்லை.

பின்கதவைத் திறந்தேன். கொல்லையில் இளநீர்க் கூடுகள் குவிந்து கிடந்தன. மேலே இருந்தவை பச்சை. அதற்குக் கீழே பழுப்பு. இன்னும் கீழே, மழை குடித்து வெயில் குடித்து, கறுத்துச் சுருங்கியவை. ஒரு நாளில் சேர்ந்த குவியல் இல்லை. ஒரு வாரத்தில் சேர்ந்ததும் இல்லை.

பக்கத்து வீட்டு அம்மா மதிலுக்கு மேல் தலையை நீட்டி அக்காவை விசாரித்தார். குவியலை நான் பார்ப்பதைப் பார்த்து, ஒங்க அக்கா எளனிக்கடை வைக்கப் போகுதுன்னு நாங்க பேசிக்குவோம் என்று சிரித்தார். இளநீர் வண்டிக்காரர் தினமும் வாசலில் போட்டுவிட்டுப் போவாராம். ரெண்டு மாசமாவா என்று கேட்டேன். இருக்கும் என்றார்.

கொல்லை வாசலில் நின்றே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். மாடி சிஸ்டர் எடுத்தார். அக்கா ரொம்ப நாளாகச் சாப்பிடவில்லை போலிருக்கிறது, டாக்டரிடம் சொன்னது நிஜமில்லை என்றேன். “சக்கரத்த மூடிட்டு டாக்டருக்குச் சொல்லிர்றேன். நீங்க வாங்க,” என்றார்.

பஸ்ஸில் சன்னலோரம். தைல மரங்கள் வரிசை வரிசையாக ஓடின. எனக்குள் ஒரே யோசனை திரும்பத் திரும்ப வந்தது. சாப்பிட்டீங்களா என்று நாங்கள் யாரைத்தான் கேட்பதில்லை. பஸ் ஸ்டாண்டில், ஆபீஸில், போனை எடுத்த உடனே, சாவு வீட்டிலிருந்து வருகிறவரைக்கூட. கேட்கப்படுகிறவரும் ஆச்சு என்கிறார். பசித்த வாயும் ஆச்சு என்றுதான் சொல்லும். இல்லை என்றால் கேட்டவர் எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைக்க வேண்டுமே. அடுத்தவரை எழுப்பாமல் இருப்பதற்கான பதில் அது. அதைப் பொய் என்று நாங்கள் யாரும் நினைத்ததே இல்லை. அக்காவும் டாக்டரிடம் அதையே சொல்லியிருக்கிறாள். டாக்டர் அதை எண்ணாக மாற்றிப் பெருக்கியிருக்கிறார், வகுத்திருக்கிறார். கணக்கில் எங்கும் பிசகு இல்லை. மூன்று நொடிக்கு ஒன்றாக, மிகச் சரியாக, அந்தப் பதில் அவள் நரம்பில் இறங்கியிருக்கிறது.

நான் மாடி ஏறியபோது டாக்டர் கட்டிலருகே நின்றிருந்தார். சொட்டு நின்றிருந்தது. ரத்தம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். போர்வையை விலக்கி அக்காவின் கையை, தோள்பட்டையை, தொடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்த அன்று வயிறு ஊதி, கால் வீங்கி, சேலைக்குள் அவள் நிறைந்து தெரிந்தாள். இப்போது வீக்கம் வற்றியிருந்தது. நாப்பதுகூட இருக்காது என்று சிஸ்டரிடம் மெதுவாகச் சொன்னார்.

பிறகு எங்களுக்கும் விளக்கினார். பட்டினி கிடந்த உடம்பு, இருப்பதைக் கொண்டு குறைவாக வாழப் பழகிவிடுகிறது. அதற்குள் திடீரென்று சாப்பாட்டைக் கொட்டினால், ரத்தத்தில் இருக்கிற கொஞ்ச நஞ்ச உப்புச் சத்துகளும் அந்தச் சாப்பாட்டைச் செரிக்கும் அவசரத்தில் செல்களுக்குள் ஓடிவிடும். இதயத்துக்கு மிச்சம் இருக்காது. அது தடுமாறும், நின்றும் போகலாம். பசியில் தப்பித்தவர் சாப்பாட்டில் போய்விடுவார். எத்தனை நாள் பட்டினி என்று தெரிந்தால்தான் எவ்வளவு மெதுவாக ஆரம்பிப்பது என்று சொல்ல முடியும்.

அக்கா உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் போன் அடித்தது. வேலை முடிந்து அத்தான் கூப்பிடும் நேரம். எப்போதும்போல அவளே எடுத்தாள். எப்போதும்போல வீடியோவில் முகம் மட்டும் தெரிய, ஒட்டிப் பிடித்தாள். டாக்டர் வந்திருக்காரு, இருங்க என்றாள். போனை நெஞ்சின்மேல் கவிழ்த்து வைத்தாள்.

அணைக்கவில்லை. மறந்தாளா, வேண்டுமென்றே விட்டாளா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அந்தச் சின்ன வெளிச்சம் அவள் சேலையில் ஓரமாகக் கசிந்துகொண்டிருந்தது. அதை அணைக்க என் கை நீளவில்லை.

“நீங்க சொல்ற நாள வச்சுத்தாம்மா நான் சக்கரத்தத் திருப்பணும்,” என்றார் டாக்டர். “மரியாதைக்காகப் பதில் சொல்லாதீங்க. கடைசியா வயிறாரச் சாப்பிட்டது என்னைக்கு?”

அக்கா விலகிய போர்வையை இடுப்புவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“ஆடிப் பதினெட்டுக்குக் கலந்த சாதம் கிளறுனேன்,” என்றாள். “புளிச்சோறு, தேங்காச்சோறு. அன்னைக்குச் சாப்புட்டேன். ராத்திரியே வாந்தி. அப்புறம் எது தின்னாலும் வெளியேதான். எளனி மட்டும் தங்குச்சு. டீயில ஒரு பிஸ்கட்ட நனைச்சுக்கிட்டா, அதுவும் செல நாளு தங்கும்.”

சிஸ்டர் விரல்விட்டு எண்ணப் போய், பாதியில் நிறுத்தினார்.

அக்காவின் நெஞ்சின்மேல் இருந்து அத்தானின் குரல் வந்தது. துணிக்குள்ளிருந்து, அமுங்கி.

“தெனமும் கேட்டேனேடி.”

அவள் போனைத் திருப்பினாள். இந்த முறை ஒட்டிப் பிடிக்கவில்லை. கை தளர்ந்து, போன் தள்ளிப் போயிருந்தது. அவள் கழுத்தும், காறை எலும்பும், கையும் எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும்.

“கேட்டீங்க,” என்றாள். “இல்லைன்னா என்ன செய்வீங்க. அங்கேருந்து வந்து ஊட்டி விடுவீங்களா?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் சன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

புதிய கணக்கு மூன்றில் ஒரு பங்கு. மணிக்கு இருபது மில்லி. முதலில் ஒரு வைட்டமின் ஊசி, பிறகுதான் சாப்பாடு. சிஸ்டர் என்னைப் பார்த்து, போடுங்க பாப்போம் என்றார். இருபது மில்லிக்கு நானூறு சொட்டு. அறுபதால் வகுத்தால் முழுசாக வரவில்லை. ஆறரைக்கு மேலே, ஏழுக்குக் கீழே எங்கேயோ நின்றது. ஏழுன்னு வச்சுக்கலாம் என்றார். ஒன்பது நொடிக்கு ஒரு சொட்டு. ஒன்பது நொடி எவ்வளவு நீளம் என்று அன்றுதான் அறிந்தேன். சொட்டு முனையில் திரளும், கனக்கும், விழப்போவதுபோல நடுங்கும், விழாது. எனக்கு எழுந்து நடக்க வேண்டும்போல் இருந்தது. நடக்கவில்லை.

மறுநாள் காலை ரத்தத்தில், டாக்டர் சொன்ன உப்புச் சத்துகளில் ஒன்றான பாஸ்பரஸ் குறைந்திருந்தது. அந்த இருபதுக்கே குறைந்திருந்தது. டாக்டர் அதைத் தனியாக ஏற்றச் சொன்னார், பையின் வேகத்தைக் கூட்டவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அடுத்த அறைக்குப் போனார்.

அத்தான் அந்த வாரத்திலேயே வந்து இறங்கினார். திருச்சியில் இறங்கி, பெட்டியோடு நேரே ஆஸ்பத்திரிக்கு. ஏன் மறைத்தாய் என்று அவர் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை. மெஷின் இன்னும் மாடிக்கு வரவில்லை; சொட்டு எண்ணுகிற வேலையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்துக்கொண்டு, உதடு அசைய எண்ணுவார்.

“ஓவர்டைம் போடச் சொல்லவா?” என்பாள் அக்கா.

பேசாதடி, எண்ணிக்கை விட்டுப்போச்சு என்பார். மறுபடி ஒன்றிலிருந்து.

இருபது முப்பதானது, நாற்பதானது. அறுபதைத் தொட்ட நாளுக்கு அடுத்த நாள் குடல் சத்தம் கேட்கிறது என்றார்கள். தண்ணீர், கஞ்சித் தண்ணீர், பிறகு குழைந்த சோறு. ஒரு நாள் முதல் பை மாட்டப்படவே இல்லை. அத்தானின் லீவும் அங்கே, அந்த நாற்காலியில், முடிந்துபோனது.

கார்த்திகையில் வளைகாப்பு. அறந்தாங்கி மண்டபம். அத்தான் போனில் இருந்தார். யாரோ ஒரு பெண் அதை நாற்காலி முதுகில் சாய்த்து வைத்திருந்தாள். வேலை இடத்தின் தலைக்கவசத்தோடு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். அக்கா முன்பைவிடப் பாதியாக இருந்தாள், ஆனால் எழுந்து நடந்தாள். மகளின் கன்னத்தில் சந்தனம் பூசினாள். கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாக ஏற்றினாள். ஆரத்தி முடிந்து கூட்டம் பந்திக்கு நகர்ந்தபோது என்னிடம் வந்தாள். ஆஸ்பத்திரியில் உண்மை வெளியான அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசவில்லை. வேண்டியதை மட்டும் பேசுவாள்.

“நீ அன்னைக்கு அந்தக் கொல்லைக்குப் போகாம இருந்திருந்தா,” என்றாள், “இன்னைக்கு அவரு பக்கத்துல நின்னுருப்பாரு. பாரு, நான் மட்டும் ஒத்தையா நிக்கிறேன்.”

நிற்கிறாய் அல்லவா என்று வாய்வரை வந்தது. அவளுடைய கண் போன் இருந்த நாற்காலியில் இருந்தது. அங்கே அவர் திரையை விட்டு விலகாமல், மகளையா இவளையா என்று தெரியாமல், பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கையிலிருந்த வளையல் தட்டு கனத்துச் சாய்ந்தது. வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். கொஞ்சம் தயங்கி, கொடுத்தாள்.