ஆற்றின்மேல் நின்று ஆற்றைத் தேடினோம்

எண்பதுகளின் நடுப்பகுதி. கனடாவின் மொன்றியல் நகரில், வில்லரேப் பகுதியில், அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராத சிலர் ஒரே வீட்டில் வாழ்ந்துகொண்டிருந்தோம். எங்களுள் ஒருவர் துறைமுகப் பண்டகசாலையில் மூட்டை இறக்குபவர். யாழ்ப்பாணத்தில் தம் தாயார் மறைந்த செய்தி, மாதங்கள் கடந்துதான் அவரை எட்டியது. அன்றுமுதல் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. தாயை இழந்தோர் நோன்பிருந்து எள்ளும் நீரும் இறைக்கும் சித்திரா பௌர்ணமி நெருங்க நெருங்க, கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டேயிருந்தார்.

"துறைமுகத்தடியிலேயே செய்யலாமே, தம்பி" என்றேன்.

"எண்ணெய் மிதக்கிற தண்ணியிலையோ, மாஸ்டர்? என்ரை அம்மாவுக்கு அதிலை செய்யமாட்டன். கடலுக்குப் போற நல்ல ஆறு ஒண்டு சொல்லுங்கோ. புவியியல்தானே படிப்பிச்சனீங்கள்!"

நிலப்படத்தை விரித்தேன். நகருக்கு வடக்கே மலைகளிடையே பிறந்து, வளைந்து வளைந்து இறங்கி, பேராற்றோடு கலந்து கடலை அடையும் ஓர் ஆற்றைக் காட்டினேன். நகரில் பனி கரைந்து, மரங்கள் மொட்டுவிடத் தொடங்கியிருந்தன. மலையிலும் இளவேனில் வந்திருக்கும் என்றே இருவரும் நம்பினோம்.

பௌர்ணமியன்று பேருந்தை விட்டிறங்கியபோது அங்கே இன்னும் பனிக்காலம். முழங்கால் புதையும் பனியில் காட்டுவழியே நடந்தோம். நோன்பிருந்த அவர் காலைமுதல் நீர்கூட அருந்தவில்லை. ஆயினும் எனக்கு முன்னே விரைந்தார். மரங்கள் விலகி, வெள்ளைவெளேரென்று ஒரு வெளி விரிந்தது. வயல்வெளி போலும் என்றெண்ணி, அதற்கப்பால் ஆற்றைத் தேடி, அதன் நடுப்பகுதிவரை சென்றுவிட்டோம்.

"எங்கை மாஸ்டர் உங்கட ஆறு? அதுவும் அகதியா வெளிக்கிட்டிட்டுதோ?"

நான் சிரிக்க வாயெடுத்தேன். அப்போதுதான் பாதங்களின் கீழே ஏதோ ஓடும் ஓசை கேட்டது. மறுகணம் 'படார்' என்றொரு வெடிப்பு. காலடியிலிருந்து ஒரு கீறல் நீண்டு ஓடியது.

கரையில் ஒரு பெண்மணி பிரெஞ்சில் கூவினார். எங்களுக்குத் தெரிந்த பிரெஞ்சோ 'பொன்ஜூர்', 'மெர்சி' என்ற வணக்கமும் நன்றியும் மட்டுமே. அவர் சட்டெனப் பனிமேல் குப்புற விழுந்து, கைகால்களைப் பரப்பிக் காட்டினார்.

"மாஸ்டர், மனிசி ஏன் விழுந்து கும்பிடுது?"

"கும்பிடேல்லைத் தம்பி! நாங்கள் நிக்கிறதுதான் ஆறு. ஐஸ் உடையாமல் நீரும் அவவைப்போல விழும்!"

கோயில் வீதியில் விழுவதுபோல் இருவரும் விழுந்தோம். எள்ளுப் பொட்டலத்தைப் பல்லில் கவ்வியபடி நண்பர் ஊர்ந்தார். நான் பின்னே ஊர்ந்தேன். மேலங்கியில் நீர் ஊறியது. பெண்மணி நீட்டிய நீண்ட கிளையைப் பற்றிக் கரையேறினோம்.

அவர் எங்களை ஏசித் தீர்த்தார். பொருள் விளங்காவிட்டாலும் நியாயம் விளங்கிற்று. நண்பர் பொட்டலத்தைப் பிரித்து, வானத்தைக் காட்டி, "அம்மா" என்றார். ஏச்சு நின்றது.

பாறைகளிடையே நீர் உறையாமல் பாயும் ஓர் இடத்துக்கு அப்பெண்மணி எங்களை அழைத்துச் சென்றார். நண்பர் குனிந்து எள்ளும் நீரும் இறைத்து முடிக்கும்வரை, அப்பெண்மணி பின்னே நின்று அவருடைய ஈர மேலங்கியை இரு கைகளாலும் இறுகப் பற்றிக்கொண்டிருந்தார்.

திரும்பும் பேருந்தில் நண்பர் உறங்கினார்; அவரை ஆற்றின் நடுவே இட்டுச்சென்ற எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. பின்னர் எங்கள் விண்ணப்பங்களுக்கும் சாதகமான விடை வந்தது. ஆயினும், இந்நாடு எங்களை ஏற்றுக்கொண்டது எப்போது என்று எவரேனும் வினவினால், ஈர மேலங்கியைப் பற்றியிருந்த அந்த இரு கைகளே இன்றும் என் நினைவில் எழுகின்றன.