செருப்போடு உள்ளே

மேடம் எனக்காக நாற்காலியை இழுத்துப்போட்ட சத்தம்தான் முதலில் ஞாபகம் வருகிறது. சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடம், இரண்டாயிரத்து ஏழு வாக்கில். கடலூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வேனில் வந்து, ரொம்ப நாளாக வேலையில்லாதவர்களுக்கு வேலை கேட்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. எனக்கு வாய்த்தவர் மேடம். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். நான் வேலை பார்த்த முந்திரிக் கம்பெனி மூடியதிலிருந்து பக்கத்தில் குமராட்சியில் தம்பி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தம்பி ஒன்றும் சொல்லமாட்டான். அவன் பெண்டாட்டி சொல்வாள். "அண்ணி, அந்தப் பள்ளிக்கூடத்துல டீயும் பிஸ்கட்டும் குடுப்பாங்க, போய்ட்டு வாங்க."

மேடம் ஆபீசர் மாதிரி உட்கார்ந்துகொள்வார். நான் உள்ளே போய்ப் பேசிக் காட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் போவேன்.

"செருப்போட வாங்க அக்கா. கம்பெனியில வெறுங்காலோட வுடமாட்டாங்க."

"நீங்க உக்காந்திருக்கீங்களே மேடம்."

சிரித்துவிடுவார். பெரிய மனிதர்கள் முன்னால் செருப்போடு நின்று எங்களுக்குப் பழக்கமில்லை.

கடலூரில் ஒரு ரசாயனக் கம்பெனி கூப்பிட்டது. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். எழுந்திருக்கும்போது ஆபீசர் என் காலைப் பார்த்தார்.

"செருப்பு எங்கம்மா?"

"வெளிய வுட்டுட்டேன் சார்."

"உள்ள ஆசிட் சிந்திக் கெடக்கும். அங்கயும் இப்படித்தான் வருவியா?"

அவர் கேட்டதில் தப்பில்லை. வேலை இல்லையென்று ஆயிற்று.

மேடம் திட்டவில்லை. அடுத்த ஞாயிறு, "இன்னைக்குப் பேச வேணாம். நடந்து மட்டும் வாங்க" என்றார். செருப்போடு போனேன். கால் கூசியது. மேடம் எழுந்து நின்றுவிட்டார்.

"எதுக்கு மேடம் எந்திரிக்கிறீங்க?"

"நீங்க வயசுல பெரியவங்க. நீங்க உக்கார்ற வரைக்கும் நிப்பேன்."

அவரை நிற்கவைத்துவிட்டோமே என்று வேகமாகப் போய் உட்கார்ந்தேன். செருப்பு ஞாபகமே வரவில்லை. அதற்கப்புறம் வந்த ஞாயிறெல்லாம் அப்படியே எழுந்து நின்றார்.

அடுத்து கூப்பிட்டது ஒரு சோப்புக் கம்பெனி. அங்கே யாரும் என் காலைப் பார்க்கவில்லை. "திங்கக்கெழம ஷிப்டுக்கு வந்துடும்மா" என்றார்கள். கடலூரிலேயே ஓர் அறை எடுத்துக்கொண்டேன்.

மேடம் இப்போது கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறார். நான் அதே கம்பெனியில் பேக்கிங்கில்தான் இருக்கிறேன். அவர் ஊரைவிட்டுப் போகுமுன் ஒருநாள் சாப்பிடக் கூப்பிட்டேன். மீன் குழம்பு வைத்திருந்தேன். "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க அக்கா" என்று தட்டை நீட்டினார். தம்பி வீட்டில் அத்தனை வருஷம் அடுத்தவர் ஊற்றியதைச் சாப்பிட்டவள் நான். கரண்டி நிறைய மொண்டு ஊற்றினேன்.