சட்டைப் பையில் இருந்த சீட்டு

நான் வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்தவனில்லை. ஆனால் நூற்று நாற்பது கிலோ உடம்பால் ஈரலில் கொழுப்பு ஏறி, வடுவும் விழத் தொடங்கியிருக்கிறது என்று மதுரை டாக்டர் சொன்ன சேதி காமயகவுண்டன்பட்டிக்குத் தெரிந்ததும், ஊரே என்னைக் குடிகாரனாக்கிவிட்டது. தினமும் சாயங்காலம் தள்ளாடி வருகிற என் மனைவியின் தம்பிகூட, "இனியாச்சும் விட்ருங்க மாமா" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷன் செய்தால் ஈரலும் தேறும், தள்ளிப்போட்டால் வடு முற்றும் என்றார் டாக்டர். வீங்கிய ஈரல் இரைப்பையை மறைத்துக்கொண்டு கிடந்தது. அது சுருங்கினால்தான் கருவியை உள்ளே விட முடியுமாம். அதற்காக இரண்டு வாரம் நீராகாரம். சாப்பாட்டு விவரம் எழுதிய சீட்டொன்றும் தந்தார்கள். மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"டாக்டர் என்ன சொன்னாக?" என்றாள் மனைவி.

"ரெண்டு வாரம் தண்ணியாத்தான் குடிக்கணுமாம்."

அவ்வளவுதான் சொன்னேன். வீட்டுக்கென்று மருந்தடிக்காமல் விட்டிருந்த பந்தலில் பன்னீர்த் திராட்சை பழுத்துக் கிடந்தது. அவள் காலையும் மாலையும் ஒரு சொம்பு சாறு பிழிந்து கொடுத்தாள். பசி வேறு. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஸ்கேன் எடுத்தார்கள். ஈரல் இம்மியும் சுருங்கவில்லை. பழச்சாற்றின் சர்க்கரைதான் காரணமாக இருக்கும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸில் நாலு பேர் பார்க்க அவளைத் திட்டித் தீர்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த மாதம் ஒழுங்காக இருந்து, ஆபரேஷன் முடிந்தது. ஒரு வருடத்தில் ஐம்பது கிலோ இறங்கினேன். குடியை விட்டதும் தேறிவிட்டான் என்கிறது ஊர். பதில் சொல்லி அலுத்துவிட்டது. போன வாரம் எடுத்த ஸ்கேனில் கொழுப்பு அநேகமாகக் கரைந்திருந்தது. வடு மட்டும் கொஞ்சம் மிச்சம். அது மறைய நாளாகும், மறையாமலும் போகலாம் என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி, "அந்த மிச்சம் நான் குடுத்த சாறுனாலயாங்க?" என்றாள்.

ஒரு வருடமாக இதைச் சுமந்திருக்கிறாள். எனக்கு என் மேலேயே வெறுப்பு வந்தது. பீரோவைத் திறந்து அந்தச் சீட்டை எடுத்து நீட்டினேன். பழச்சாறு கூடாது என்று இரண்டாவது வரியிலேயே இருந்தது. திட்டிய அன்று ராத்திரியே அதைப் படித்துவிட்டுத்தான் ஒளித்து வைத்தேன்.

அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"இது எப்பங்க குடுத்தாக?"

"முத நாளே" என்றேன்.