தோள் தொடும் வரை

ஞாயிற்றுக்கிழமை என்றாலே எனக்குப் பாச்சை உருண்டை வாசனைதான். மந்தைவெளியில் ஓர் அச்சகத்தின் மாடியில் எங்கள் சபை கூடும். வாசலில் ஒரு தகரப் பெட்டி, பெட்டி நிறைய வெள்ளை வெள்ளையாக "முக்காட்டுத் துணி", பக்கத்தில் பத்து வயதில் நான். தலையை மூடாமல் வரும் பெண்களுக்குத் துணி கொடுப்பதும், பூ வைத்திருந்தால் எடுக்கச் சொல்வதும், "சவுரி" வைத்துப் பின்னியிருந்தால் மூப்பரிடம் போய்ச் சொல்வதும் என் வேலை. மூப்பர் என் அப்பா. அந்த அதிகாரம் எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை மறைத்தால் இதை எழுதுவதில் அர்த்தமே இல்லை.

தி.நகர் கடைகளுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்துவந்த ராணி அக்கா அந்த வருஷம்தான் ஞானஸ்நானம் எடுத்திருந்தாள். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்தில் முதன்முறையாக அப்பம் வாங்கப்போவதை எண்ணி நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் பூவையும் பொட்டையும் விட்டதில் ஆத்திரமடைந்த புருஷன், அவளுடைய தையல் கத்தரியாலேயே இடுப்பு வரை தொங்கிய பின்னலைப் பிடரியோடு வெட்டிவிட்டான். அந்தப் பின்னலை ஒரு மஞ்சள் பையில் எடுத்துவந்து அப்பாவிடம் காட்டி அழுதாள்.

அப்பா கெட்டவர் இல்லை, அதுதான் கொடுமை. கொரிந்தியருக்கு எழுதிய நிருபத்தில் பெண்ணின் தலையைப் பற்றி வரும் இடத்தைப் பிரித்து, நீண்ட முடி அவளுக்கு மகிமை, கத்தரித்த தலை வெட்கம் என்று பொறுமையாக விளக்கினார். யார் கத்தரித்தார்கள் என்பது அங்கே இல்லாததால் அவரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

"முடி தோளைத் தொடுற வரைக்கும் பின்னால உக்காருங்க சகோதரி. அப்பம் அப்புறம் எடுத்துக்கலாம்."

"வெட்டுனது அவன். வெக்கம் எனக்கா ஐயா?"

அப்பா கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்கிவிட்டார். ஜெபத்தின் நடுவில் யாரும் பேசக் கூடாது.

அடுத்த திருவிருந்து ஞாயிறு, ராணி அக்கா முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு படியேறினாள். முதுகில் பின்னல். ஒரே மாதத்தில் அவ்வளவு முடி வளராது என்று தெரிகிற அளவுக்கு நான் கெட்டிக்காரி. "சவுரிதானே?" என்று பிடித்து இழுத்தேன். ஊசிகளோடு பின்னல் என் கைக்கு வந்துவிட்டது, முக்காடு நழுவியது. பெண்கள் பக்கம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. இரண்டு பேர் சிரித்தார்கள்.

"எம் முடிதான் கண்ணு இது. வேற யார்தும் இல்ல," என்றாள் மெதுவாக.

அப்பா வந்து பார்த்தார். ஒட்டவைத்த முடி அலங்காரம், அலங்காரத்தோடு அப்பத்தைத் தொடக் கூடாது என்று தீர்த்துவிட்டார்.

"முடி இல்லன்னு பின்னால உக்கார வெச்சீங்க. எடுத்துக்கினு வந்தா அதுவும் தப்புன்றீங்க. நான் இன்னாதான் பண்றது ஐயா?"

முக்காட்டைக்கூட எடுத்துக்கொள்ளாமல் அவள் படியிறங்கிப் போனாள். அப்பா என் தலையில் கை வைத்து, "ஸ்தோத்திரம்! என் பொண்ணு கண்ணுல எதுவும் தப்பாது" என்றார். அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை. பின்னலை என்ன செய்வது என்று யாரும் சொல்லாததால், பெட்டிக்குள் துணிகளுக்கு அடியில் வைத்து மூடினேன். ராணி அக்கா திரும்ப வரவே இல்லை.

இன்று அந்த அச்சகம் இல்லை. சபை அடையாற்றில் ஏசி போட்ட கூடத்துக்குப் போய்விட்டது. தகரப் பெட்டியும் முக்காட்டுத் துணிகளும் போன இடம் தெரியாது; அந்தப் பின்னலும் அவற்றோடு எங்கோ குப்பையில் போயிருக்கும். போன மாதம் நான் முடியைத் தோள் வரை வெட்டிக்கொண்டு, தலையை மூடாமல் போய் அப்பம் வாங்கினேன். எண்பதைத் தாண்டிய அப்பா என் தலையைப் பார்த்துவிட்டு, "வெயிலுக்கு நல்லதும்மா" என்றார்.

அந்தச் சட்டம் எப்போது மாறியது என்று அவருக்கே நினைவில்லை. மாறிய பிறகு ராணி அக்காவிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்போதும் அவள் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருந்தாள்.