மதனியும் சாம்பல் கட்டமும்

கணினித் திரையின் நடுவே ஒரு சாம்பல் நிறக் கட்டம். அதற்குள், பிளக்-இன் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. மதனியை நினைத்தால் எனக்கு முதலில் அந்தக் கட்டம்தான் ஞாபகம் வரும், முகம் அப்புறம்தான். வில்லாபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில், என் அண்ணன் மனைவியான அவள் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தாள். அவளுக்கும் என் வயதுதான். கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த நான் துணைக்கு உட்கார்ந்திருப்பேன். ஊரே திருட்டு சிடியில் விண்டோஸ் போட்டு ஓட்டிய காலத்தில், எங்கள் கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும், விண்டோஸுக்குப் பதிலாக யாரும் காசில்லாமல் முறையாகப் போட்டுக்கொள்ளக்கூடிய லினக்ஸ். திருட்டு சிடி தன் கடைக்குள் வராது என்பது அவள் பிடிவாதம்.

அப்போதெல்லாம் சென்டருக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சாட் பண்ணத்தான் வருவார்கள். சாட் அறை திறக்க, பிரவுசரோடு ஒட்டி ஓடும் ஜாவா பிளக்-இன் என்ற துணை நிரல் வேண்டும். எங்கள் கடையில் சாம்பல் கட்டம்தான் திறந்தது. பிளக்-இன் கோப்பை இறக்கி உரிய ஃபோல்டரில் போட்டோம். பிரவுசரே சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொண்டது. வந்தவர்கள் எழுந்து அடுத்த தெரு சென்டருக்குப் போனார்கள். அந்தக் கடைக்காரரே நேரில் வந்து, "எதுக்கு தங்கச்சி மல்லுக்கட்டுற? லினக்ஸ்ல சாட் ஓடாது. ஏங்கிட்ட சிடி இருக்கு, போட்டுத் தாரேன்" என்று சிரித்தார். அண்ணன் அதற்கும் மேலே போனான். "மாசக் கடைசிக்குள்ள சரியாகலன்னா அம்புட்டு பொட்டியையும் வித்துருவேன். பேசாம வீட்டப் பாரு." அடுப்பையும் கடையையும் ஒருசேரப் பார்த்துக்கொண்டிருந்தவளிடம் இப்படிச் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இரண்டு பேருக்கும் மதனி ஒரே பதில்தான் சொன்னாள். "ஓடாதுன்னு அந்தப் பொட்டி சொல்லட்டும். நீங்க சொல்லாதீங்க."

மறுநாள் மத்தியானம் குழம்பை இறக்கிவைத்த கையோடு வந்து உட்கார்ந்தாள். பிரவுசரை வழக்கம்போல் கிளிக் செய்து திறக்காமல், கட்டளை தட்டும் கறுப்புத் திரையிலிருந்து திறந்தாள். அப்படித் திறந்தால், அது சாகிறபோது என்ன நோவு என்று சொல்லிவிட்டுத்தான் சாகும். செத்தது; கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரியை விட்டுப்போனது. "வாசிடி, ஒரு எழுத்து விடாம வாசி" என்றாள். நான் வாசிக்க வாசிக்க, அந்த வரியை அப்படியே தேடலில் தட்டினாள். எந்த நாட்டுக்காரரோ எழுதிவைத்திருந்தார்: அந்தக் கோப்பை நகலெடுத்துப் போடக் கூடாது, அது தன் சொந்த ஃபோல்டரிலேயே இருக்க வேண்டும்; அதற்கு வழிகாட்டும் இணைப்பு மட்டும் பிரவுசரின் ஃபோல்டரில் இருந்தால் போதும். நாங்களோ எல்லாவற்றிலும் நகலைத்தான் போட்டிருந்தோம். நகலை அழித்து இணைப்பு வைத்தாள். கட்டம் இருந்த இடத்தில் சாட் அறை திறந்தது. முன்பின் தெரியாத யாரோ ஹாய் என்றார்கள். மதனி பதில் ஹாய் சொல்லவில்லை. எழுந்து போய், அடுத்த தெருக்காரர் கண்ணிலும் படட்டும் என்று, வாசல் சுவரில் 'இங்கே சாட் உண்டு' என்று சாக்பீஸால் பெரிதாக எழுதினாள்.

பொட்டிகளை அண்ணன் விற்கவில்லை. பல வருடம் கழித்து, ஆளுக்கொரு செல்போன் வந்த பிறகு, மதனி தானாகத்தான் கடையை மூடினாள். இன்று பிரவுசர்கள் அந்தப் பிளக்-இன்களை எல்லாம் கைவிட்டுவிட்டன. போன வாரம் அலுவலகத்தில் பழைய பக்கம் ஒன்றைத் திறந்தேன். நடுவே அதே சாம்பல் கட்டம். உடனே அவளுக்குப் போன் போட்டேன்.

"என்ன சொல்லுதுன்னு வாசிச்சியா?" என்றாள், நலம்கூட விசாரிக்காமல்.

"வாசிச்சேன் மதனி. இதெல்லாம் இனிமே ஓடாதுங்குது."

"அதச் சொல்ல அது யாரு?" என்றாள்.